இலைச்சாறும் கந்தக அமிலமும்: ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடின் ‘பசுமை’ வரலாறு

ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடு இரண்டு படிகளில் உருவாகிறது. கிராபைட்டை அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்து கிராபீன் ஆக்சைடாக மாற்றுவது முதல் படி. அதிலிருந்து ஆக்சிஜனைக் களைந்து, மின்சாரம் கடத்தும் கிராபீன் என்ற கார்பன் தாளாக ஓரளவு மீட்பது இரண்டாம் படி. பசுமை முறை என்ற பெயரில் வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டாம் படியையே பேசுகின்றன. கழிவு மிகுதியாக வருவதோ முதல் படியில். இந்த முரண் உருவான விதத்தையும், அதைக் கடக்கத் தமிழகத்தில் நடந்த முயற்சிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழகத்தில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு, சென்னைக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டு என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். இவ்வூர் ஒரகடத்தின் கார், டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர், பெயின்ட், மின்கலம் என்று கிராபீன் வகைப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கும் துறைகள் எல்லாம் இந்த ஆலைகளோடு தொடர்புடையவை. வடகிழக்கே சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறையைப் பசுமை என்று அழைக்குமுன் அதன் கழிவுநீரைப் பார்த்தாக வேண்டும்.

வரலாறு 1859இல் தொடங்குகிறது. ஆக்ஸ்போர்டு வேதியியலர் பெஞ்சமின் பிராடி, பொட்டாசியம் குளோரேட்டையும் புகையும் நைட்ரிக் அமிலத்தையும் கொண்டு கிராபைட்டை ஆக்சிஜனேற்றம் செய்தார். வெடிக்கும் தன்மையுள்ள குளோரின் டை ஆக்சைடு வாயு அதில் வெளிவரும். 1898இல் ஸ்டாடன்மையர் செய்த திருத்தமும் குளோரேட்டைக் கைவிடவில்லை. 1958இல் அமெரிக்காவின் மெல்லன் நிறுவனத்தைச் சேர்ந்த ஹம்மர்ஸும் ஆஃப்மனும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு மாறினார்கள். அவர்களின் அளவு இது: 100 கிராம் கிராபைட்டுக்கு 2.3 லிட்டர் அடர் கந்தக அமிலம், 300 கிராம் பெர்மாங்கனேட், 50 கிராம் சோடியம் நைட்ரேட். வெடி அபாயம் குறைந்தது, வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் நைட்ரேட்டிலிருந்து நச்சு வாயு வந்தது. மாங்கனீசு கலந்த அமிலக் கழிவு மிஞ்சியது.

2010இல் ஜேம்ஸ் டூரின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு நைட்ரேட்டை நீக்கி, பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்தது. நச்சு வாயு நின்றது. மேம்பட்ட முறை என்ற பெயரும் நிலைத்துவிட்டது. அவர்களின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: 3 கிராம் கிராபைட்டுக்கு 360 மில்லி கந்தக அமிலம், 40 மில்லி பாஸ்பாரிக் அமிலம், 18 கிராம் பெர்மாங்கனேட். ஹம்மர்ஸ் முறையில் கிராமுக்கு 23 மில்லியாக இருந்த கந்தக அமிலம் இங்கே 120 மில்லி. பெர்மாங்கனேட்டும் இரட்டிப்பு. காற்றுக்கு நல்லது, நீருக்குக் கெட்டது என்றே இதை மதிப்பிட வேண்டும். 2013இல் சீன ஆய்வாளர்கள் ஹம்மர்ஸ் முறையிலேயே நைட்ரேட்டை விட்டுவிட்டு, கழிவிலிருந்து மாங்கனீசைப் பிரித்தெடுக்கவும் வழி காட்டினார்கள். எனக்கு இதுவே நேர்மையான திருத்தமாகப் படுகிறது. கழிவுக்கும் அதில் கணக்கு இருந்தது.

இரண்டாம் படியின் கதை வேறு. 1962இல் ஜெர்மன் வேதியியலர் போம் ஹைட்ரசின் முதலியவற்றால் கிராபீன் ஆக்சைடை ஒடுக்கி, மிக மெல்லிய கார்பன் தாள்களைப் பெற்றிருந்தார். 2004இல் இயற்பியலர்கள் கெய்மும் நோவோசெலோவும் கிராபீனைப் பிரித்துக் காட்டிய பின் அந்த வழி மறுபிறவி எடுத்தது. 2007இல் அமெரிக்க ஆய்வாளர் ருவாஃபின் குழு ஹைட்ரசினால் ஒடுக்கும் முறையை விரிவாக வெளியிட்டது. ஹைட்ரசின் நஞ்சு, வெடிக்கக்கூடியது, தாளில் நைட்ரஜனையும் விட்டுச்செல்வது. மாற்றுத் தேடல் உடனே தொடங்கியது. 2010இல் வைட்டமின் சி, அதே ஆண்டில் குளுக்கோஸ், 2011இல் தேநீர். ஷிவனெல்லா என்ற பாக்டீரியா தன் சுவாசத்தாலேயே ஒடுக்குவதும் 2010இல் தெரியவந்தது. தென் கொரியாவின் கொன்குக் பல்கலைக்கழகத்தில் சங்கிலியாண்டி குருநாதன் குழு 2013இல் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு இதைச் செய்தது.

பிறகு இலைகளின் காலம். துளசி, வேம்பு, எலுமிச்சை என்று கட்டுரைகள் பெருகின. இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. சாற்றில் ஒடுக்கும் வேலையைச் செய்யும் பாலிஃபீனாலின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். தாவரப் பொருள் தாளின் மேல் ஒட்டிக்கொண்டு கடத்துதிறனைக் குறைக்கும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அந்தப் படிவு உதவலாம், மின்கலத்துக்கு உதவாது. ஒரே தரத்தில் மாதந்தோறும் சரக்கு கேட்கும் ஆலைக்கு, வைட்டமின் சி எந்த இலையையும்விட நம்பகமானது.

சென்னை ஐஐடியில் நடந்த இரண்டு வேலைகளை இங்கே தனியே எடுத்துப் பேச வேண்டும். எஸ். ராமபிரபுவின் குழு 2011இல் சூரிய ஒளியைக் குவி லென்ஸால் கிராபைட் ஆக்சைடுப் பொடியின் மேல் குவித்தது. திடீர் வெப்பத்தில் உள்ளிருந்த ஆக்சிஜன் வாயுக்களாக வெளியேற, அடுக்குகள் பிரிந்து ஒடுங்கின. கேமரா பிளாஷால் இப்படிச் செய்யலாம் என்று 2009இல் அமெரிக்காவில் காட்டியிருந்தார்கள். ஆண்டு முழுக்க வெயில் கொட்டும் ஊருக்குப் பொருத்தமானது சென்னையின் வழி. ஒடுக்கும் வேதிப்பொருளே தேவையில்லை. ஆனாலும் கிராபைட் ஆக்சைடு வேண்டும் என்பதால் அமிலப் படி அப்படியே நிற்கிறது.

அந்தப் படியையே தவிர்த்தது டி. பிரதீப்பின் குழு. 2012இல் அவர்கள் கரும்புச் சர்க்கரையை மணல் மேல் படியவைத்துச் சூடாக்கி, பசை எதுவும் இல்லாமல் கிராபீன் தன்மையுள்ள கார்பனை மணலோடு இணைத்தார்கள். அது கிராமுக்கு 48 மில்லிகிராம் குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லியை நீரிலிருந்து ஈர்த்தது. ரோடமின் 6ஜி சாயத்தை 55 மில்லிகிராம். கறாராகச் சொன்னால் இது ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடு அல்ல. நீர் வடிகட்டவேண்டிய இடத்தில் அந்த வேறுபாடு யாருக்கும் பொருட்டில்லை. மின்கலத்துக்கோ ரப்பருக்கோ இந்த மணல் உதவாது என்பது உண்மைதான்.

அப்படியானால் முதல் படியை எப்படிச் சீராக்குவது? 2015இல் இரும்பின் ஃபெரேட் உப்பு தீர்வாக முன்வைக்கப்பட்டது. வேதியியலர் மார்ட்டின் பூமெராவின் குழு அதைச் சோதித்துக் கேள்விக்குள்ளாக்கியது. 2018இல் சீனாவின் ஷென்யாங் ஆய்வாளர்கள் காட்டிய மின்னாற்பகுப்பு வழி கூடுதல் நம்பிக்கை தருகிறது: பெர்மாங்கனேட் இல்லை, நீரே ஆக்சிஜனைத் தருகிறது, சில நொடிகளில் ஆக்சிஜனேற்றம் முடிகிறது, கந்தக அமிலத்தை மீண்டும் பயன்படுத்த முடிகிறது. தமிழகத்தில் அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராபைட் சுரங்கம் சிவகங்கையில் இருக்கிறது; 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அதே மாவட்டத்தின் காரைக்குடியில் இருக்கிறது. மூலப்பொருளும் மின்வேதியியல் அறிவும் இவ்வளவு அருகில் வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

இனி இத்துறையில் எழுதும் நம் ஆய்வாளர்களிடம் ஒரு கோரிக்கை. எந்த இலையால் ஒடுக்கினீர்கள் என்பதோடு, ஒரு கிராம் சரக்குக்கு எத்தனை மில்லி அமிலம் போனது, அதைக் கழுவ எத்தனை லிட்டர் தண்ணீர் ஆனது, அந்தத் தண்ணீர் எங்கே விடப்பட்டது என்பதையும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.