10-க்கு 12 ரூமுக்கு எத்தனை டைல்ஸ் வேணும்? அளவெடுப்பது முதல் வெட்டுவது வரை... முழு விவரம்!

புது வீடோ, பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையோ, டைல்ஸ் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதுர அடி?" என்பதுதான். 10-க்கு 12 அடி படுக்கையறை என்றால் 120 சதுர அடி. '2-க்கு 2' டைல் ஒன்று 4 சதுர அடி. அப்போ 30 டைல் போதும் என்று மனக்கணக்கு போட்டுவிடுவோம். ஆனால் வேலை தொடங்கிய பிறகு அதே அறைக்கு 42 டைல் வரை தேவைப்படலாம். எப்படி?

2 அடி டைல் உண்மையில் 2 அடி இல்லை!

கடையில் '2-க்கு 2' என்று சொல்லப்படும் டைலின் அளவு 600 மி.மீ. ஆனால் 2 அடி என்பது சுமார் 610 மி.மீ. ஒரு டைலுக்கு 10 மி.மீ. குறைவு. பார்க்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் 10 அடி நீளத்தில் 5 டைல் பதித்து, நடுவில் 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து, சுவரோரம் இரு பக்கமும் 5 மி.மீ. இடைவெளி விட்டால், கடைசியில் 28 மி.மீ. மிச்சம் நிற்கும். 12 அடிப் பக்கத்தில் இந்த மிச்சம் சுமார் 36 மி.மீ.

இந்த மூன்று சென்டிமீட்டர் துண்டுதான் தலைவலி. இவ்வளவு ஒல்லியாக வெட்டும்போது டைல் எளிதில் உடையும். ஒட்டினாலும் சுவரோரம் பட்டை போட்டது போல கண்ணை உறுத்தும்.

சரி, இதுக்கு என்ன வழி?

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஒரு முழு டைலைக் குறைத்துவிட்டு, மிச்ச இடத்தை இரு சுவர்ப் பக்கமும் சமமாகப் பிரிப்பது. 10 அடிப் பக்கத்தில் 4 முழு டைல், இரு ஓரங்களிலும் 314 மி.மீ. துண்டு. 12 அடிப் பக்கத்தில் 5 முழு டைல், இரு ஓரங்களிலும் 318 மி.மீ. துண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு டைலில் இப்படி ஒரு துண்டுதான் எடுக்க முடியும். மீதி வீண். 6 வரிசை, வரிசைக்கு 7 என மொத்தம் 42 டைல்.

இரண்டாவது வழி, வாசல் பக்கம் முழு டைலில் ஆரம்பித்து, ஒல்லித் துண்டுகளை கட்டில், பீரோ வரும் சுவரோரம் தள்ளிவிடுவது. 30 முழு டைலோடு, துண்டுகளுக்கு ஒன்றிரண்டு டைல் கூடுதலாக இருந்தால் போதும். பட்ஜெட் இடித்தால் இதுதான் நல்லது. எந்த வழி என்பதை டைல் வாங்கும் முன்பே பேப்பரில் வரைந்து முடிவு செய்ய வேண்டும்.

அளவெடுப்பது எப்படி?

சுவர் பூச்சு வேலை முடிந்த பிறகே அளக்க வேண்டும். நீளம், அகலம் இரண்டையும் மூன்று மூன்று இடங்களில் அளங்கள். பல வீடுகளில் எதிரெதிர்ச் சுவர்கள் சரியான இணையாக இருக்காது.

மூலைமட்டம் பார்க்க எளிய கணக்கு 3-4-5. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வரவில்லை என்றால் சுவரை நம்பி டைல் பதிக்கக் கூடாது. நேர்கோட்டில் நூல் கட்டி, அதை வைத்தே பதிக்க வேண்டும்.

டேப் இல்லாமலே குறிக்கலாம்

ஓரத்துண்டுக்கு ஒரு சுலபமான முறை இருக்கிறது. கடைசி முழு டைலின் மேல், வெட்ட வேண்டிய டைலை சரியாகப் பொருத்தி வையுங்கள். அதன் மேல் இன்னொரு முழு டைலை வைத்து சுவரைத் தொடும்வரை தள்ளுங்கள். மேல் டைலின் ஓரத்தை ஒட்டி, கீழே உள்ள டைலில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஸ்பேசருக்கு 2, சுவர் இடைவெளிக்கு 5 என 7 மி.மீ. குறைத்து வெட்டினால் கச்சிதமாக உட்காரும். சுவர் கோணலாக இருந்தாலும் இந்த முறை கைகொடுக்கும். வெட்டிய ஓரம் சுவர்ப் பக்கம் வர வேண்டும். ஸ்கர்ட்டிங் ஒட்டியதும் அது மறைந்துவிடும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

சாதாரண செராமிக் டைலுக்கு கையால் இயக்கும் டைல் கட்டர் போதும். ஒரே அழுத்தத்தில் ஒரே முறை கோடு இழுத்து உடைக்க வேண்டும். திரும்பத் திரும்ப இழுத்தால் ஓரம் பிசிறடிக்கும். விட்ரிஃபைட் டைல் மிகவும் கெட்டியானது. அதில் ஒல்லித் துண்டும் வளைவும் வெட்ட டைமண்ட் பிளேடு போட்ட மெஷின் தேவை. கதவு நிலையைச் சுற்றி 'ட' வடிவில் வெட்டும்போது, உள்மூலையில் முதலில் சிறிய துளை போட்டுக்கொண்டால் விரிசல் ஓடாது.

தூசியை சாதாரணமாக நினைக்காதீங்க!

டைலை உலர்வாக வெட்டும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. இதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். பாதித்த நுரையீரலை பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. கைக்குட்டை கட்டுவது போதாது. தண்ணீர் விட்டு வெட்டுவதும், என்95 மாஸ்க், கண்ணாடி அணிவதும் அவசியம். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால், வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினை இணையுங்கள். வேலை செய்வது மேஸ்திரியாக இருந்தாலும் இதைக் கேட்டு வாங்கித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

எத்தனை பெட்டி வாங்கலாம்?

2-க்கு 2 டைல் பெரும்பாலும் ஒரு பெட்டியில் 4 இருக்கும். முதல் வழிக்கு 11 பெட்டி, இரண்டாவது வழிக்கு 9 பெட்டி என்றால் உடைசலுக்கும் சேர்த்து கையில் மிச்சம் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண், ஷேடு எண் ஒன்றுதானா என்று கடையிலேயே சரிபாருங்கள். எண் மாறினால் நிறமும் லேசாக மாறலாம். மிச்சமாகும் டைலைத் தூக்கிப் போட வேண்டாம். பின்னாளில் ஒன்று உடைந்தால், அதே நிறத்தில் கடையில் கிடைப்பது கஷ்டம்.