கொடி அடுப்புக்குப் புகைபோக்கி முளைத்த கதை

ஐப்பசி பிறந்துவிட்டால் திண்டுக்கல் சமவெளியில் விறகு நனையத் தொடங்கும். வேடசந்தூர், நத்தம் பக்கம் விறகென்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலம். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் தென்னை மட்டையும் பன்னாடையும் சேர்ந்துகொள்ளும். வருடத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கிற பூமிதான். ஆனால் அடைமழைக் காலத்தில் அடுப்பங்கரைக்குள் நிற்க முடியாது. ஈர விறகு கொடுக்கிற சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். தீ நின்று எரியாது. மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரிந்து தீராமல் புகையாகிவிடும். சாரலுக்குக் கதவைச் சாத்தினால் அத்தனை புகையும் வீட்டுக்குள்தான். ஊதாங்குழலைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கும் அடுப்பு வாய்க்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. பல வீடுகளில் அவர் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கும்.

இந்தப் புகையை வெளியே அனுப்பியாக வேண்டும் என்ற அக்கறையில் பிறந்ததுதான் புகையில்லா அடுப்பு. அதன் பாதி வடிவம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. கொடி அடுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விறகு வைக்க ஒரே வாய், உலை கொதிக்க ஒரு குழி, பக்கத்தில் இன்னொரு குழி. முதல் பானையைத் தாண்டி வரும் அனல் உள்வழியாகப் போய் இரண்டாவது பாத்திரத்தையும் சூடாக்கும். போகிற அனலை வீணாக்காத யோசனை அது. அனலோடு சேர்ந்து வரும் புகை எங்கே போகவேண்டும் என்பதற்கு மட்டும் அதில் வழி வைக்கவில்லை.

அந்த வழியை வைத்தவர்களில் முக்கியமானவர்கள் வார்தாவில் இருந்தார்கள். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் அங்கே மகன்வாடியில் இயங்கியது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. தம் கடைசி ஆண்டுகளை நமக்குப் பக்கத்தில், தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தாரே, அவர்தான். செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம் என்று கிராமத்து வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த அந்தச் சங்கத்திலிருந்து 1947இல் ‘மகன் சூலா’ வெளிவந்தது. மண்ணால் கட்டி, புகைபோக்கி வைத்த அடுப்பு. அதே 1947இல்தான் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். நாடு விடுதலையான வருடத்தில் சமையலறைப் புகையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதை நான் பெருமையாகவே சொல்வேன்.

அடுத்து வந்தவர் ஹைதராபாதில் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திய எஸ்.பி. ராஜு. 1953இல் அவருடைய சிறு நூல் ஒன்று சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. புகை, கரி, வெக்கை, விறகு விரயம், தீ விபத்து ஆகிய ஐந்திலிருந்தும் பெண்களுக்கு விடுதலை வேண்டும் என்பது அவர் வாதம். அணை கட்டும் பொறியாளர்கள் கொண்டாடப்பட்ட காலத்தில் ஒரு பொறியாளர் அடுப்பைக் கையில் எடுத்தார். அதற்காகவே அவரை நினைவில் வைக்கவேண்டும்.

அடுப்பைக் கட்டுவது பெரிய வித்தை இல்லை. களிமண்ணோடு சாணமும் உமியும் சேர்த்து மிதித்துப் பிசைந்து, புளிக்கவிட்டு, மேடையாக அணைக்கவேண்டும். ஈரம் இருக்கும்போதே குழிகளையும் அவற்றை இணைக்கும் உள்வழியையும் குடைந்து எடுக்கவேண்டும். கடைசிக் குழிக்கு அப்பால் குழாய் கிளம்பிக் கூரைக்கு மேலே போகும். சூடான காற்று லேசானது. குழாயில் அது மேலேறும்போது அடுப்பு வாய் வழியாகப் புதுக்காற்றை உள்ளே இழுக்கும். ஊதவே தேவையில்லை. ஆனால் குழாய் கூரை முகட்டைத் தாண்டி நிற்கவேண்டும். தாழ்ந்து நின்றால் மழைக்காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும். இழுவை மிஞ்சினாலும் வம்புதான்: பானைக்குச் சேரவேண்டிய அனல் வானத்துக்குப் போகும், விறகு கூடுதலாகச் செலவாகும்.

புகை போனதில் மனத்தாங்கல் கொண்டவர்களும் உண்டு. ஓலைக் கூரையைக் கரையானும் பூச்சியும் அண்டாமல் காத்தது அந்தப் புகைதான். விதைக்கென்று அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட கதிர்களைக் காத்ததும் அதுவே. அவர்கள் சொன்னதை அறியாமை என்று தள்ளியது தவறு என்பேன். ஒரு பயனைப் பறித்துக்கொண்டால் மாற்று வழி சொல்லியிருக்கவேண்டும்.

1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய இந்தியத் தோழர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் மேல் கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் தூசியை அளந்தார்கள். நகரத்துப் புகைக்கு மட்டும் கணக்கு வைத்திருந்த உலகம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியது அப்படித்தான். 2002இல் திட்டம் முடிந்தபோது 3 கோடிக்கு மேல் அடுப்புகள் கட்டப்பட்டிருந்தன. எரிந்துகொண்டிருந்தவை அதைவிட மிகக் குறைவு. குழாயில் கரி அடைத்துக்கொள்ளும். அதைத் தட்டி இறக்க யாரும் சொல்லித் தரவில்லை. விரிசல் விட்டால் பூச ஆள் வரவில்லை. பின்னாளில் ஒடிசாவில் நடந்த ஒரு பெரிய ஆய்விலும் இதுவே தெரிந்தது: முதல் வருடம் புகை குறைந்தது, பிறகு பழைய நிலைதான். அடுப்பு தோற்கவில்லை, பராமரிப்பு இல்லாமல் போனது.

இப்போது கேஸ் வந்துவிட்டது. தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்புகளும், 2016இல் வந்த மத்திய அரசின் உஜ்வாலா கேஸ் இணைப்புத் திட்டமும் ஊதாங்குழலைப் பல வீடுகளில் பரணில் ஏற்றிவிட்டன. ஆனாலும் டீயும் குழம்பும் கேஸில், சோறும் வெந்நீரும் விறகில் என்று இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் நம் கிராமங்களில் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்தார்கள்.

கேஸ் எரிந்தாலும் காற்றுப் போக்கு வேண்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 20 லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் அடுப்பங்கரைக் காற்றில் கலந்திருக்கும். உலை கொதித்த ஆவி தனி. கார்த்திகை மாதத்தில் ஜன்னலைச் சாத்திய கான்கிரீட் வீட்டில் அது சுவரில்தான் இறங்கும். பூஞ்சை பிடிக்கும், குழந்தைக்கு இளைப்பு இருந்தால் அதிகமாகும்.

கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்டுகிறவர்களும், சொந்தக் காசில் கட்டுகிறவர்களும் ஒன்றைச் செய்யுங்கள். தளம் போடுவதற்கு முன்பே கொத்தனாரிடம், அடுப்பு மேடைக்கு மேலே, கூரையை ஒட்டி, மழை உள்ளே அடிக்காத ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். விறகடுப்பு வேண்டுமென்றால் அதை வெளித் தாழ்வாரத்தில் வையுங்கள். விறகைப் புரட்டாசிக்குள் கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள். புகைபோக்கி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை, மூங்கில் கழியில் துணி சுற்றிக் கரியைத் தட்டி இறக்குங்கள். அந்த வேலையைச் சமைக்கிறவர் தலையில் கட்டாமல் வீட்டு ஆண்கள் செய்யுங்கள்.