ஒற்றைச் சிறகோடு உழைத்த ஆப்பிள்

சென்ற வாரம் சைட் திட்டத்தைப் பார்த்தோம். 1975-76ல் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோன அந்தத் திட்டத்துக்கு உதவியது அமெரிக்கா இரவல் தந்த ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள். இரவல் தவணை ஓராண்டில் முடிந்தது. அடுத்து சொந்தமாக ஒன்று வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமை அப்போதுதான் ஏரியான் ராக்கெட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. சோதனை ஓட்டங்களில் கட்டணமில்லாமல் இடம் தருகிறோம் என்றார்கள். இஸ்ரோ அந்த வாய்ப்பை விடவில்லை.

இப்படிப் பிறந்ததுதான் ஆப்பிள், இந்தியாவின் முதல் புவிநிலைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். திட்ட இயக்குநர், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆர்.எம். வாசகம். பெங்களூரில் தொழிற்கூடக் கொட்டகைகளில், இரண்டே ஆண்டுகளில் கட்டி முடித்தார்கள். 1.2 மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் உயரம் கொண்ட உருளை. எடை 670 கிலோ. உள்ளே 6/4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள், தலையில் 90 சென்டிமீட்டர் கிண்ண ஆன்டெனா.

ஆப்பிளை மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்திய படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். லாரிக்கு வக்கில்லாத நாடு என்று அதைக் காட்டிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆன்டெனா சோதனையின்போது அருகில் இரும்பு இருந்தால் அலைகள் பட்டுத் திரும்பி அளவைக் கெடுத்துவிடும். மரவண்டியில் அந்தத் தொல்லை இல்லை. தெளிவாக யோசித்து எடுத்த பொறியியல் முடிவு அது.

ஏரியானின் இரண்டாவது ஓட்டம் 1980 மே மாதம் தோற்றுப்போனது. ஆப்பிள் ஏற வேண்டியது மூன்றாவதில்! 1981 ஜூன் 19 அன்று, தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து, மீட்டியோசாட்-2 என்ற வானிலைச் செயற்கைக்கோளோடு அது கிளம்பியது. ராக்கெட் விட்டுச்சென்ற நீள்வட்டப் பாதையிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்து வட்டப்பாதைக்கு ஏற்றிவிட வேண்டிய மோட்டார், நம் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் நான்காம் கட்டத்திலிருந்து வந்தது. அது பிசகாமல் எரிந்தது.

சிக்கல் பிறகுதான் வந்தது. விரிய வேண்டிய இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவே இல்லை. மொத்த மின்சாரமே 210 வாட் என்று கணக்கிட்டுக் கட்டிய கலம் அது. தகடு உடலோடு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பக்கத்து வெப்பமும் சரியாக வெளியேறாது. பம்பரம்போல் சுழன்று நிலைகொள்ளும் பழைய முறையை விட்டு, ஆன்டெனா எப்போதும் பூமியைப் பார்க்கும்படி மூன்று அச்சுகளிலும் நிலைநிறுத்தும் முறையை நம்மவர்கள் முதன்முதலாகக் கையாண்ட நேரம் வேறு. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பங்கிட்டு, வெப்பநிலையை விடாமல் கண்காணித்து, 102 பாகை கிழக்கில் அதை ஓட்டினார்கள். தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்பு, கணினி இணைப்புச் சோதனைகள் எல்லாம் அதன் வழியே நடந்தன.

1982 ஏப்ரலில், அமெரிக்க நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிய இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் மேலே போனது. எரிபொருள் தீர்ந்து அந்த செப்டம்பரிலேயே முடங்கிவிட்டது. ஊனத்தோடு போன ஆப்பிளோ அதற்கு அப்புறமும் ஓராண்டு உழைத்தது. 1983 ஆகஸ்ட் இறுதியில் இன்சாட்-1பி விண்ணுக்குச் சென்றது. ஆப்பிளுக்கு ஓய்வு கொடுத்த நாள் 1983 செப்டம்பர் 19.

ஆப்பிளில் பெற்ற பயிற்சி பலன் தர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழுக்க இங்கேயே கட்டிய இன்சாட்-2ஏ பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)