குடும்பத்தில் தொடங்கிய படிப்பு

தொண்டு செய்ய ஈர நெஞ்சு இருந்தால் போதும், அதற்கெனத் தனிப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், பம்பாயின் நாக்பாடாப் பகுதியில் உழைப்பாளர் குடும்பங்களிடையே பணியாற்றிவந்த அமெரிக்க சமயப் பணியாளர் கிளிஃபோர்டு மான்ஷார்ட்டை இயக்குநராகக் கொண்டு, 1936-ஆம் ஆண்டு சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஒரு பள்ளியைத் தொடங்கியது. இந்தியாவில் சமூகப்பணியைப் பட்டமேற்படிப்பாகக் கற்பித்த முதல் நிறுவனம் அதுவே. மான்ஷார்ட்டுக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்ற ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவிற்கொள்ளலாம்.

இப்படிப்பின் உயிர்நாடி களப்பணி, அதாவது மாணவர் வகுப்பறையை விட்டு மருத்துவமனைக்கோ குடியிருப்புக்கோ சென்று மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் பணியாற்றுதல். ஒரு வீட்டுக்குச் சென்று திரும்பும் மாணவர், அந்தத் தாய் என்ன சொன்னார், தாம் என்ன கேட்டோம், எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் தலைகுனிந்தார் என்பதையெல்லாம் நடந்த வரிசையிலேயே எழுதித் தரவேண்டும். அந்தக் கேள்வியை அப்போது கேட்டிருக்க வேண்டுமா என்று மேற்பார்வையாளர் அவரோடு அமர்ந்து ஆராய்வார். இரக்கத்தைப் பயிற்சியாக மாற்றியது இந்த எழுத்துப் பழக்கமே என்று துணிந்து சொல்லலாம். 1937-இல் பள்ளியோடு இணைந்து அமைந்த குழந்தை வழிகாட்டு மையமும், குழந்தையின் நடத்தைக் கோளாறுக்குக் காரணத்தைக் குழந்தையிடம் மட்டுமின்றிக் குடும்ப உறவுகளிலும் தேடும் நோக்கோடு எழுந்தது.

ஆனால் படித்தவர்களுக்கு வேலை கொடுத்தது குடும்பம் அன்று, தொழிற்சாலை. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலைகளில் நல அலுவலர் இருந்தே ஆகவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததால், தொழிலாளர் நலமும் பணியாளர் மேலாண்மையும் மாணவர்கள் பெரிதும் நாடிய சிறப்புப் பாடங்களாயின. சென்னையில் கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பில் நெடுங்காலம் உழைத்த மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உருவானபோது, நாட்டில் வீசிய காற்று இதுவாகவே இருந்தது.

குடும்பத்தை ஆராயும் கல்வியோ மனையியல் என்ற பெயரில், பெண்களுக்குரிய படிப்பாகத் தனிவழி சென்றது. உணவும் சத்தும், குழந்தை வளர்ச்சி, இல்ல வரவுசெலவு ஆகியவற்றை அறிவியலாகக் கற்பிக்க 1932-இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரியும், 1957-இல் கோயம்புத்தூரில் தி.சு. அவினாசிலிங்கம் நிறுவிய மனையியல் கல்லூரியும் தோன்றின. ராஜம்மாள் தேவதாஸ் போன்ற சத்துணவு அறிஞர்களின் உழைப்பால் பின்னது 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. எனினும் மனையியலைச் சமையற்படிப்பு என்று ஒதுக்கிய பொதுப்பார்வை பெரும் அநீதி. ஆலைத் தொழிலாளியின் கூலியும் அவர் குழந்தையின் எடையும் ஒரே வீட்டின் செய்திகள் என்பதை அப்பார்வை மறைத்துவிட்டது.

சமூகப்பணியைத் தொழிற்சாலைக்கு இழுத்துச் சென்ற ஒரு சட்டத்தைப் போலவே, குடும்பத்தை நோக்கித் திருப்பிய சட்டமும் ஒன்று உண்டு. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், தீர்ப்புக்கு முன் சமரசத்துக்கு முயலவேண்டும் என்று விதித்து, ஆலோசகர்களுக்கும் குடும்ப நலனில் தொழில்முறையாக ஈடுபட்டோருக்கும் நீதிமன்றத்துக்குள்ளேயே இடமளித்தது.