பெரிய மார்க்கெட்டும் பன்னீர்ப் புகையிலையும்: நான் செய்த ஒரு தப்பு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீடாக இருந்தால் கண்டிப்பாகக் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது அவளுக்கே பதினைந்து வயதில் பையன் இருக்கிறான். பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நல்ல பிள்ளை, படம் அருமையாக வரைவான்.

"சார், இவன் பையில பென் டிரைவ் மாதிரி ஒண்ணு கிடைச்சுது. கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்த்தோம், ஒண்ணும் வரல. மோந்து பார்த்தா மாம்பழ வாசனை அடிக்குது. இன்னா சார் அது?"

போட்டோ அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இ-சிகரெட். சொன்னதும் அழுதுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "இதெல்லாம் தப்புன்னு ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்களே சார்?"

சொல்லியிருப்பார்கள் அம்மா. பிரேயரில், மைக்கில் சொல்லியிருப்பார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எழுந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். வாத்தியார் புத்தி, முதலில் கொஞ்சம் வரலாறு.

புகையிலை நம் மண்ணின் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. ஜஹாங்கீர் 1617-லேயே புகைபிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். யார் கேட்டார்கள்? உத்தரவு போனது, புகையிலை நின்றது.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1560 வாக்கில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர் ழான் நிக்கோ. இது நல்ல மருந்து என்று சொல்லிப் பாரிஸ் அரண்மனைக்கு, காதரின் தெ மெடிசி அரசிக்குப் புகையிலையை அனுப்பி வைத்தார். அவர் பெயரிலிருந்துதான் நிக்கோட்டின் என்ற சொல்லே பிறந்தது. மருந்து என்று சொல்லித்தான் இது அரண்மனைக்குள் நுழைந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாம்பழம் என்று சொல்லிப் பள்ளிப் பைக்குள் நுழைகிறது.

நம் தமிழர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலே எழுதினார். பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிற நூல். உ.வே.சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். அதில் ஒரு வேடிக்கையான கதை வரும். சிவன், திருமால், பிரமன் மூவரும் ஆளுக்கொரு இலை வைத்திருந்தார்களாம். சிவனுடைய வில்வத்தைக் கங்கை கொண்டு போய்விட்டது. திருமாலுடைய துளசியைப் பாற்கடல் கொண்டு போய்விட்டது. பிரமனுடைய இலை மட்டும் எங்கும் போகவில்லை. அதனால் அது 'போகையிலை', அதுவே புகையிலை ஆயிற்று என்று போகும் கதை. புலவரின் சொல் விளையாட்டுதான், ரசிக்கலாம். ஆனால் நேற்றுக் கப்பலில் வந்த செடிக்கு இன்றைக்குத் தெய்வ வம்சம் கற்பித்துவிட்டோம் பாருங்கள். பெரியவர்கள் ஒன்றைத் தாம்பூலத் தட்டில் மரியாதையாக வைத்தால், பிள்ளைகள் அதை விஷம் என்றா நினைப்பார்கள்?

இனி நம் ஊருக்கு வருவோம். இன்றைய நேரு வீதி அன்று துய்ப்ளே வீதி. நாம் பெரிய மார்க்கெட் என்று சொல்வதைப் பழைய ஆட்கள் கிராண்ட் பஜார் என்பார்கள். பிறகு குபேர் பெயரை வைத்தார்கள். பெயர் எதுவானாலும் ஊருக்கு அது பெரிய மார்க்கெட்தான். பக்கத்து ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த மாளிகை இன்றும் நிற்கிறது. துய்ப்ளேக்கு துபாஷாக இருந்தவர். 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால் நம் ஊர்ச் சரித்திரத்தில் பாதி காணாமல் போயிருக்கும். அந்த நாளில் வெற்றிலைக்கும் புகையிலைக்கும் சேர்த்துக் குத்தகை விட்டார்கள். கம்பெனிக்கு நல்ல வருமானம். உப்பு, சாராயம் போல இதுவும் கஜானாவை நிரப்பிய சரக்கு.

சரக்குக்கும் பஞ்சமில்லை. திண்டுக்கல், வேதாரண்யம் பக்கங்களில் விளைந்த இலைக்கு நல்ல பேர் இருந்தது. நம் 'சுருட்டு'தான் வெள்ளைக்காரன் வாயில் 'செரூட்' ஆனது. 1943-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் புகையிலைக்கு கலால் வரி போட்டார்கள். நாமோ 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் ஒரு வரி. எல்லை தாண்டிய சரக்குகளின் கதையை உங்கள் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இத்தனை நீளச் சரித்திரத்தில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை: கடையிலிருந்து இதை வாங்கிவரப் போனது யார்? பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான். "ஓடிப்போய் வாங்கிட்டு வாடா" என்று அனுப்பாத பெரியவர் அன்று யார்?

நானும் அனுப்பினேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எண்பதுகளின் நடுவில், மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. அப்போது எனக்கு வெற்றிலை, சீவல், பன்னீர்ப் புகையிலை போடும் பழக்கம் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப் போனவன். மாற்றுத்திறனாளி என்ற சொல்லெல்லாம் அப்போது ஏது? பசங்கள் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத மாட்டேன். விளையாட்டுப் பீரியடில் எல்லோரும் ஓடுவார்கள், இவன் மரத்தடியில் எல்லோருடைய சட்டையையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சும்மாதானே இருக்கிறான் என்று அவனைக் கடைக்கு அனுப்பினேன். கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி மார்க்கெட் வரை போய், புகையிலை வாங்கிக்கொண்டு வருவான். முகமெல்லாம் சிரிப்பு. 'சார் என்னைத்தான் அனுப்புவார்' என்பது அவனுக்கு ஒரு பெருமை. எனக்கு அவன் மேல் பிரியம்தான். அந்தப் பிரியத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் பேசும்போது அவன் கன்னத்தில் ஏதோ அடக்கியிருப்பது தெரிந்தது. வாயைத் திற என்றேன். புகையிலை. பளாரென்று அறைந்தேன். அடித்த கை கீழே இறங்கும் முன்பே எனக்கு உறைத்தது. என் வாயிலும் அதேதான் இருந்தது.

அழுதுகொண்டே சொன்னான்: "கடைகிட்ட நிக்கிற பசங்க மட்டும்தான் சார் என்னை சேத்துக்கிறாங்க."

அன்றே நான் விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். மூன்று வருஷம் கழித்து, வாயில் வெள்ளைப் படை வந்து, பல் டாக்டர் அதட்டிய பிறகுதான் விட்டேன். அதற்குள் அவன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு மார்க்கெட்டில் வேலைக்குப் போய்விட்டான்.

போன வாரம் நான் பார்க்கப் போனது அவனைத்தான். ஐம்பது தாண்டியவர், இனி 'அவர்' என்றே சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழம் விற்கிறார். பாக்கும் புகையிலையுமாகப் போட்டுப் போட்டு வாய் இறுகிவிட்டது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். காரம் பட்டால் எரியும், கஞ்சியும் தயிர்ச்சோறும்தான் சாப்பாடு. இப்படி இறுக்குவது பாக்கின் வேலை. புகையிலையும் சேர்ந்தால் புற்றுநோய் பயம் இன்னும் கூடுகிறது. என்னைக் கண்டதும் எழுந்து "வாங்க சார்" என்றார். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்தார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

அந்தக் காது கேளாத பையன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு என்னையும் ஆட்டத்துல சேத்திருந்தா நான் கடைப் பக்கமே போயிருக்க மாட்டேன் சார். ஒரு ஸ்கோர் எழுத வெச்சிருந்தாக்கூட போதும்."

முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய எனக்கு அன்று அவர் பாடம் நடத்தினார்.

யோசித்துப் பாருங்கள். நம் எச்சரிக்கைகள் எல்லாம் யாருக்காக? புகையிலைப் பாக்கெட்டில் 2009 மே 31 முதல் படம் போட்டார்கள். 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டில் 85 சதவீத இடம் அந்தப் படத்துக்கு. நல்ல காரியம். ஆனால் பார்வையில்லாத பிள்ளைக்கு அது வெறும் வழவழப்பான அட்டை. பள்ளியில் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டம் முழுக்கப் பேச்சு, காது கேளாத பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவச எண் 1800 11 2356 இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதுவும் பேசிக் கேட்கிறவர்களுக்குத்தான் சுலபம். அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைக்கு, "இதை இழு, நீ எங்க தோஸ்து" என்று ஒருவன் சொன்னால், அதில் உள்ள சூது எப்படிப் புரியும்?

2019-இல் நாடு முழுக்க 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. அப்படி வாய்ப்புகையிலை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள். அந்தச் சுருக்க அறிக்கையை நான் படித்தேன். ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. அமெரிக்காவில் பெரியவர்களிடம் எடுக்கும் கணக்குகளில், உடல்குறை உள்ளவர்களிடையே புகைபிடிப்போர் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்று திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் குறை அல்ல. தனிமை, மன அழுத்தம், ஒதுக்கப்படுவது. என் மாணவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதுதான்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2019-இல் இ-சிகரெட் இந்தியாவில் முழுவதும் தடை. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாமே குற்றம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்கள் அவர்களுக்குப் புரியும் வடிவில், சைகை மொழியிலும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. புகையிலை எச்சரிக்கையும் தகவல்தானே?

பிரான்சில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளுக்கும், தங்கை மாப்பிள்ளைக்கும், மற்ற உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரிலேயே 'பஃப்' என்கிற, தீர்ந்ததும் தூக்கிப் போடும் சாதனத்தை 2025 பிப்ரவரியில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். மற்றவை அங்கே 18 வயதானவர்களுக்குக் கடையில் கிடைக்கலாம். இங்கே வரும்போது சாக்லேட்டோடு பெட்டியில் அதையும் வைத்துக்கொண்டு வராதீர்கள். விளையாட்டுக்குக்கூட இங்கிருக்கும் பிள்ளைகளிடம் நீட்டாதீர்கள். அது வெறும் நீராவி இல்லை. பெரும்பாலானவற்றில் நிக்கோட்டின் இருக்கிறது. இருபத்தைந்து வயது வரை வளர்கிற மூளையை அது சீக்கிரம் அடிமையாக்கும்.

அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: பையனை அடிக்காதே. அடித்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவன் மொழியில், சைகையிலும் படத்திலும் பேசு. யார் கொடுத்தது என்பதைவிட, அவர்களோடு ஏன் போனான் என்று கேள். அரசு மருத்துவமனையில் காட்டு. வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால் டாக்டரிடம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், புகை சில மருந்துகளின் வேலையை மாற்றிவிடும்.

கேட்டிருக்கிறாள். பையன் நோட்டில் எழுதிக் காட்டினானாம்: "அவங்க மட்டும்தான் என்னோட சைகையைக் கத்துக்கிட்டாங்க."

அன்றைக்கு இவர் சொன்னதும் இன்றைக்கு அவன் எழுதியதும் ஒன்றேதான். நடுவில் நாற்பது வருஷம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வாரம் இரண்டு நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகிறேன். அறுபது வயதுக்கு மேல் சைகை மொழி கற்றுக்கொள்கிறேன். பையன்தான் வாத்தியார். நான் தப்பாகக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். அவன் கையில் ஒரு விசிலாவது கொடுங்கள்.

எலுமிச்சம்பழக்காரரிடம் இதை எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேணாம்" என்றார். யார் அவர் என்று கமெண்ட்டில் கேட்காதீர்கள். அவரோடு படித்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் அடுத்த முறை பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். அன்றைக்குப் பேசாததற்கு இன்றைக்காவது.

அன்புடன்,
உங்கள் சார்