சூழல்வழிப் பொருளறிதல்
அறியாத ஆங்கிலச் சொல்லின் பொருளை அகராதியின்றி, சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு ஊகிக்கும் வாசிப்பு முறை. 'பார்ச்டு' ஆக இருந்தவன் ஒரே மூச்சில் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தான் என்று வந்தால், அது தாகத்தைச் சுட்டுவது விளங்கும்.

மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் ஆங்கிலப் புனைகதைகள் இதற்கு நல்ல களம். அவற்றில் வரும் 'ஜட்கா'வை, அது குதிரை வண்டி என்று அறியாத வெளிநாட்டு வாசகர் கதையின் போக்கிலேயே பிடித்துக்கொள்கிறார்.

சுற்றுச் சொற்கள் தெரியாவிட்டால் ஊகம் தடுமாறும். புனைகதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றது ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு. தொடக்க நிலை மாணவரிடம் அகராதியைப் பறித்துவிட்டு ஊகிக்கச் சொல்வது நியாயமன்று. இந்தச் சுமையைக் குறைக்கும் வகையில், வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், 1920களிலேயே தம் வாசிப்பு நூல்களில் புதுச்சொற்களைக் குறைத்து, இடைவெளி விட்டு அறிமுகப்படுத்தினார்.