ஒலிவழி ஆட்டம்

ஒலிவழி ஆட்டம் என்பது திரையில் படம் எதுவும் இல்லாமல், ஒலியை மட்டுமே கேட்டு ஆடப்படும் கணினி ஆட்டம் ஆகும். ஆடுபவர் எங்கே நிற்கிறார், எதிரே சுவர் உள்ளதா வழி உள்ளதா, எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், அழுத்திய பொத்தான் வேலை செய்ததா என்பன அனைத்தும் காதின் வழியாகவே தெரிவிக்கப்படுகின்றன. பார்வையற்றோருக்கான ஆட்டவகை என்றே இது பொதுவாக அறியப்படுகிறது. எனினும் பார்வையுள்ளோரும் இவற்றை ஆடுகின்றனர். வழக்கமான நிகழ்பட ஆட்டம் ஒன்றில் திரையை அணைத்துவிட்டால் அது ஒலிவழி ஆட்டம் ஆகிவிடாது. படம் சுமந்துவந்த செய்திகளை ஒலி சுமக்க வேண்டுமெனில் ஆட்டத்தின் விதிகளையே மாற்றி அமைக்க வேண்டியுள்ளது.

முன்னோடிகள்

ஒலியைக் கொண்டு ஆடுவது கணினிக்கு முந்தைய வழக்கமாகும். கண்ணாமூச்சியில் கண்கட்டப்பட்ட சிறுவர் மற்றவர்களின் சிரிப்பையும் காலடி ஓசையையும் கொண்டே அவர்களைத் தேடிப் பிடிக்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக 1946 இல் உருவாக்கப்பட்ட கோல்பால் விளையாட்டில் பந்தினுள் மணிகள் வைக்கப்பட்டிருக்கும். ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும் என்பது அதன் விதி. பார்வையற்றோர் துடுப்பாட்டத்திலும் உள்ளே உலோகக் குண்டுகள் இடப்பட்டு ஒலியெழுப்பும் நெகிழிப் பந்தே பயன்படுகிறது. முக்கியமான பொருள் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவை அமைதியாக இருக்க வேண்டும் என்ற இரு நெறிகளும் இவ்விளையாட்டுகளிலேயே உள்ளன.

மின்னணு ஆட்டங்களில் 1978 இல் வெளிவந்த சைமன் குறிப்பிடத்தக்கது. அதன் நான்கு பொத்தான்களுக்கும் தனித்தனி நிறமும் தனித்தனிச் சுரமும் உண்டு. கருவி ஒலிக்கும் வரிசையை நினைவில் வைத்துத் திருப்பி அழுத்த வேண்டும். பின்னர் சோர்க் போன்ற உரை ஆட்டங்களைப் பார்வையற்றோர் பேச்சுத் தொகுப்பிகளின் துணையுடன் ஆடினர். விண்டோசு கணினிகளுக்காக 2001 இல் வெளியான ஷேட்ஸ் ஆஃப் டூம், சுடும் ஆட்டம் ஒன்றை ஒலியால் மட்டுமே ஆட முடியும் என்று காட்டியது.

ரியல் சவுண்ட்

இவ்வகையில் பெரிதும் பேசப்படும் ஆட்டம், சப்பானின் வார்ப் நிறுவனம் சேகா சாட்டர்ன் கருவிக்காக 1997 இல் வெளியிட்ட ரியல் சவுண்ட்: கசே நோ ரிக்ரெட் ஆகும். இதன் இயக்குநர் கென்ஜி ஈனோ (1970–2013). அதற்கு முந்தைய ஆண்டு அவர் உருவாக்கிய எனிமி சீரோ என்ற ஆட்டத்தில் எதிரிகள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். எதிரி முன்னே இருந்தால் உயர்ந்த சுரமும், பக்கவாட்டில் இருந்தால் இடைப்பட்ட சுரமும், பின்னே இருந்தால் தாழ்ந்த சுரமும் ஒலிக்கும். நெருங்க நெருங்க ஒலிப்பின் வேகம் கூடும். ஆயினும் அது முழுமையான ஒலிவழி ஆட்டம் அன்று. அறைகளும் வழிகளும் திரையில் காட்டப்பட்டன.

தம் ஆட்டங்களைப் பார்வையற்றோர் சிலர் சிரமப்பட்டு ஆடிவருவதை அறிந்த ஈனோ, அவர்களைச் சந்தித்த பின்னரே ரியல் சவுண்ட் ஆட்டத்தை உருவாக்கினார். அதன் உரிமத்திற்கு ஈடாக, சாட்டர்ன் கருவிகள் 1000 ஐப் பார்வையற்றோருக்கு இலவசமாக வழங்குமாறு சேகா நிறுவனத்திடம் கேட்டார். அவ்வாறே கருவிகள் வழங்கப்பட்டன. ஆட்டத்தின் படிகளை வார்ப் நிறுவனம் அளித்தது. வழிமுறைகள் பிரெய்ல் எழுத்திலும் தரப்பட்டன.

ஆட்டமுறையாக நோக்கினால் இது எளிமையானது. நடிகர்களின் குரலில் வானொலி நாடகம் போலக் காதல் கதை ஒன்று நிகழ்கிறது. சில இடங்களில் மணியோசை எழும்போது ஆடுபவர் கதையின் போக்கைத் தேர்ந்தெடுக்கிறார். நடத்தல், தேடுதல், தப்புதல் எதுவும் இதில் இல்லை. பார்வையுள்ளவருக்கும் பார்வையற்றவருக்கும் ஒரே வட்டு, சலுகை எதுவும் இன்றி, ஒரே அனுபவத்தைத் தந்தது என்பதே இதன் சிறப்பு. 1999 இல் டிரீம்காஸ்ட் கருவிக்கு மறுவெளியீடு செய்யப்பட்டபோது படங்களைக் காட்டும் வசதி சேர்க்கப்பட்டது.

செவி திசையை அறியும் முறை

அறைக்குள் நடமாடும் ஒலிவழி ஆட்டத்தை அமைப்பதற்குச் செவியின் இயல்பை அறிவது இன்றியமையாதது. வலப்புறத்தில் எழும் ஒலி இடக்காதை ஏறத்தாழ 0.6 முதல் 0.7 மில்லிநொடி தாமதமாக அடைகிறது. மேலும், தலை இடையில் மறைப்பதால் அது வலிமை குன்றியும் கேட்கிறது. ஏறத்தாழ 1500 எர்ட்சுக்குக் கீழான ஒலிகளுக்கு நேர வேறுபாடும், அதற்கு மேலானவற்றுக்கு வலிமை வேறுபாடும் முதன்மையான தடயங்கள் ஆகின்றன. இவ்விளக்கத்தை 1907 இல் ரேலி பிரபு அளித்தார். நேர் எதிரே உள்ள ஒலியின் திசையில் ஒரு பாகை அளவு மாற்றத்தையும் செவி உணரவல்லது. பக்கவாட்டில் இத்துல்லியம் வெகுவாகக் குறைகிறது.

இத்தடயங்களுக்கு ஒரு பெருங்குறை உண்டு. முன்னால் வலப்புறம் 45 பாகையில் உள்ள ஒலிக்கும், பின்னால் வலப்புறம் அதே அளவு சாய்ந்துள்ள ஒலிக்கும் இருகாது வேறுபாடுகள் ஏறக்குறைய ஒன்றே. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைச் செவிமடலின் மடிப்புகள் ஒலியில் ஏற்படுத்தும் நுண்மாற்றங்களைக் கொண்டே மூளை பிரித்தறிகிறது. தலை, தோள், செவிமடல் ஆகியன ஒலியை மாற்றும் விதத்தைக் கணித முறையில் கூறும் சார்பு தலைசார் மாற்றுச் சார்பு எனப்படும். கெமார் என்ற பொம்மைத் தலையின் காதுகளில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, 710 இடங்களிலிருந்து ஒலியை எழுப்பிப் பெற்ற அளவீடுகளை 1994 இல் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகம் வெளியிட்டது. இத்தகைய அளவீட்டைக் கொண்டு பதிவுசெய்த ஒலியை மாற்றினால், ஹெட்போன் அணிந்தவருக்கு அது வெளியே ஓர் இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும்.

ஆனால் ஒருவரின் செவிமடல் போல் மற்றவருக்கு அமைவதில்லை. பொம்மையின் காதால் கேட்கும்போது பலருக்கு முன்னும் பின்னும் குழம்பிவிடுகின்றன. இயல்பு வாழ்க்கையில் தலையைச் சற்றுத் திருப்பினாலே இக்குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே ஆட்டத்திலும் நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்க்கும், அல்லது திரும்பிக் கேட்கும், வசதி வேண்டும். திரும்பி முடிக்கும் வரை ஒலி நீடிக்கவும் வேண்டும். ஒருமுறை ஒலித்து அடங்கும் வெடிச்சத்தத்தைவிடக் குறட்டை, நீர்ச்சொட்டு, சங்கிலி இழுபடும் ஓசை ஆகியன சிறந்த அடையாளங்கள் ஆவதற்கு இதுவே காரணம். தூய ஒற்றைச் சுரத்தின் திசையை அறிவது கடினம். பல அதிர்வெண்கள் கலந்த சலசலப்பின் திசையை அறிவது எளிது.

தொலைவை உணர்த்துவது இன்னும் சிக்கலானது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியழுத்த மட்டம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஆயினும் மெல்லிய ஓசை அருகிலுள்ள எலியா, தொலைவிலுள்ள யானையா என்பதை வலிமை மட்டும் கூறாது. எனவே நேரடி ஒலிக்கும் சுவர்களில் பட்டு வரும் எதிர்முழக்கத்திற்கும் உள்ள விகிதத்தையும் வடிவமைப்பாளர் தொலைவுக்கேற்ப மாற்றுகின்றனர்.

வடிவமைப்பு

கண் ஓர் அறையை ஒரே நோக்கில் அளந்துவிடுகிறது. காதுக்கு அது காலப்போக்கில்தான் விரிகிறது. திரையில் இருபது பொருள்கள் அருகருகே இருக்கலாம். இருபது ஒலிகள் ஒன்றாக எழுந்தால் அவை ஒன்றையொன்று மறைத்து வெறும் இரைச்சலாகிவிடும். ஆகவே ஒலிவழி ஆட்ட வடிவமைப்பின் பெரும்பகுதி, எந்த ஒலியை நீக்குவது என்று முடிவுசெய்வதே ஆகும். சென்றடைய வேண்டிய இடம், ஆபத்து, தன் காலடி ஆகிய மூன்றும் தெளிவாகக் கேட்டால் பெரும்பாலான காட்சிகளுக்குப் போதுமானது. பொதுவாக முதலில் நீக்கப்பட வேண்டியது பின்னணி இசை. இசையமைப்பாளருக்கு இது உவப்பான செய்தி அன்று.

காலடி ஓசையின் பயனை இலண்டனின் சம்திங் எல்ஸ் நிறுவனம் 2010 இல் ஐபோனுக்காக வெளியிட்ட பாப்பா சாங்ரே நன்கு காட்டுகிறது. திரையின் கீழ்ப்பகுதியில் இடக்கால், வலக்கால் என இரு தொடுபரப்புகள் உள்ளன. அவற்றை மாறிமாறித் தட்டினால் ஆடுபவர் நடக்கிறார். மேற்பகுதியில் விரலை நகர்த்தினால் திரும்புகிறார். மிக வேகமாகத் தட்டினால் கால் இடறும், அந்த ஓசை அரக்கனை எழுப்பிவிடும். இங்கு காலடி கட்டளையாகவும் அதன் விடையாகவும் அமைகிறது. தரை மாறும்போது அதன் ஓசையும் மாறுவதால், நடப்பவர் தாம் இருக்கும் இடத்தை அறிகிறார்.

வேறு தீர்வுகளும் உண்டு. பிரான்சின் டோவினோ நிறுவனம் 2015 இல் வெளியிட்ட எ பிளைண்ட் லெஜண்ட் ஆட்டத்தில் பார்வையற்ற வீரனை அவன் மகளின் குரல் வழிநடத்துகிறது. அக்குரல் வரும் திசையே செல்ல வேண்டிய திசை. திசைகாட்டியும் கதைமாந்தரும் ஒன்றாகிவிடுகின்றனர். கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட தி வேல்: ஷேடோ ஆஃப் தி கிரவுன், வாட்போரை இடம், நேர், வலம் என்ற மூன்று திசைகளுக்குச் சுருக்கியது. எதிரியின் ஓசையை வைத்து அந்தப் பக்கம் கேடயத்தைத் திருப்ப வேண்டும். செவியால் உறுதியாகப் பிரித்தறியக்கூடியவற்றை மட்டுமே ஆட்டம் கேட்கிறது என்பதால் தோல்வி நியாயமாகப் படுகிறது.

பேச்சைக் கையாள்வதிலும் கவனம் தேவை. திரைவாசிப்பு மென்பொருளில் பழகிய பார்வையற்றோர் பலர் புதியவர்களுக்குப் புரியாத வேகத்தில் பேச்சைக் கேட்கின்றனர். நிதானமாக விளக்கும் அறிவிப்பாளரின் குரலை இடையில் நிறுத்த முடியாவிட்டால் அது அவர்களுக்குத் தண்டனையாகிவிடும். கம்பியில்லா ஹெட்போன்கள் பலவற்றில் ஏற்படும் தாமதமும் பெரிய இடையூறு. திரை இல்லாத நிலையில், தாமதமான ஒலி தவறான செய்திக்கு ஒப்பானது.

இருள் பற்றிய சிக்கல்

பார்வையுள்ளோர் உருவாக்கிய ஒலிவழி ஆட்டங்கள் பல அச்சமூட்டும் கதைகளாகவே உள்ளன. பாப்பா சாங்ரே இறந்தோர் உலகில் நிகழ்கிறது. அதே நிறுவனத்தின் தி நைட்ஜார் (2011) ஒளியிழந்த விண்கலத்தில் நிகழ்கிறது. திரையில் படம் இல்லை என்பதை இருட்டு என்று விளக்கிவிட்டால் பார்வையுள்ள ஆட்டக்காரர் எளிதில் ஏற்றுக்கொள்வார். ஆனால் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்குப் படமின்மை இருட்டும் அன்று, அச்சமும் அன்று. அது அன்றாட நிலை. தி வேல் ஆட்டத்தின் தலைவி பார்வையற்ற இளவரசி. அவள் பயணம் போர்களும் ஊர்களும் நிறைந்த வழக்கமான வீரக்கதையாகவே செல்கிறது.

சோதனையிலும் இதே சிக்கல் எழுகிறது. ஆட்டத்தை எழுதிய நிரலாளர் கண்களை மூடிக்கொண்டு ஆடிப்பார்ப்பது சோதனை ஆகாது. அறையின் வரைபடம் அவர் நினைவில் உள்ளது. முதன்முறை ஆடும் பார்வையற்றவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை அருகிலிருந்து கவனிப்பதே பயன்தரும்.

பிற ஆட்டங்களில் தாக்கம்

படமுள்ள பெரிய ஆட்டங்களும் இந்நுட்பங்களை ஏற்றுக்கொண்டுள்ளன. 2020 இல் வெளியான தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2, ஒலிக்குறிகள், பேச்சாக மாறும் உரை, வழிகாட்டும் வசதி ஆகியவற்றால் பார்வையற்றோர் ஆடி முடிக்கக்கூடியதாக இருந்தது. 2023 இல் வெளியான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 எதிராளியின் தொலைவை ஒலியால் உணர்த்துகிறது. அதே ஆண்டின் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் பார்வையற்றோர் காரோட்டுவதற்கான ஒலிக்குறிகளைத் தந்தது.

மொழித் தடை

படமுள்ள ஆட்டத்தை வேற்றுமொழியினருக்குக் கொண்டுசெல்லத் திரையின் அடியில் மொழிபெயர்ப்பு வரிகளைச் சேர்த்தால் பெரும்பாலும் போதும். ஒலிவழி ஆட்டத்தில் அவ்வரிகளுக்கு இடமில்லை. நடிகர்களைக் கொண்டு முழு உரையாடலையும் மீண்டும் பதிவுசெய்ய வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு இது பெருஞ்செலவு. ரியல் சவுண்ட் சப்பானுக்கு வெளியே வெளியிடப்படவில்லை. மேலே கூறிய ஆங்கில ஆட்டங்களை ஆட விரும்பும் தமிழ் மாணவர் வேகமான ஆங்கிலப் பேச்சைப் பின்தொடர வேண்டியுள்ளது. திறந்த மூலப் பேச்சுத் தொகுப்பியான ஈ-ஸ்பீக், தமிழ் உரையை வாசிக்கவல்லது. என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருள்களுடன் அதைப் பயன்படுத்தலாம். பட்டியல்கள், மதிப்பெண்கள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றுக்கு அதன் இயந்திரக் குரல் போதுமானது. வழிநடத்தும் மகளின் குரலுக்கு அது ஈடாகாது. அதற்கு மனிதக் குரல் வேண்டும்.